லாரி ஓட்ட வாங்கின கிராபிக்ஸ் கார்டு

போன மாசம் ஒரு நாள் பூந்தமல்லிக்குப் போய் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான் வேலை.

யாருக்குன்னு கேப்பீங்க. எனக்குத்தான்.

சிரிக்காதீங்க. நான் எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவ. திருமுல்லைவாயில்ல வீட்டோட இருந்து பிளவுஸ் தைக்கிறவ. ஆனா பையன் பிரபு பெங்களூருக்கு வேலைக்குப் போனப்ப கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுட்டுப் போனான். சாயங்காலம் ஆனா அதுல நான் லாரி ஓட்டுவேன்.

கேம்தான். பனி மலை, பெரிய பாலம், வெளிநாட்டு ரோடு. எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார்ந்தா கண்ணை மூடிக்கிட்டு எல்லா சாமியையும் கூப்பிடுறவ நான். இதுல ட்ரெய்லரையே மலை மேல ஏத்துவேன்!

நாப்பதுக்கு மேல போக மாட்டேன். ரோட்ல ஈ காக்கா இல்லைன்னாலும் சிக்னல்ல நிப்பேன். அதனால சரக்கு எப்பவுமே லேட்டு. பொம்மை லாரி ஓட்டியும் முதலாளிகிட்ட திட்டு வாங்குறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

தீபாவளிக்குப் பெரிய டிவி வாங்கினோம். ஃபோர் கேவாம். கம்ப்யூட்டரை அதுல மாட்டிப் பார்த்தேன். லாரி நகரவே மாட்டேங்குது. ஒரு படம் வருது, நிக்குது. அடுத்த படம் வருது, நிக்குது. கல்யாண ஆல்பம் புரட்டுற மாதிரி இருந்துச்சு.

பிரபுவுக்கு போன் போட்டேன்.

"உள்ள படம் காட்டுற பழைய கிராபிக்ஸ் கார்டு அவ்வளவு பெரிய ஸ்கிரீனுக்குத் தாங்காதும்மா. புதுசு போடணும். ரொம்பப் பெருசும் வேணாம், ரொம்ப சின்னதும் வேணாம், நடுத்தரமா பாரு. மெமரி மட்டும் பன்னெண்டு ஜிபிக்குக் குறையக் கூடாது. பெட்டிக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்துட்டுப் போ."

நடுத்தரம்! பொறந்ததுல இருந்து அதுலதானே இருக்கோம். அதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமா?

எங்க வீட்டுக்காரர் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கினார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். அவர் சூப்பர்வைஸ் பண்ணாத விஷயம் இந்த உலகத்துல கிடையாது.

"இன்னாத்துக்கு அது? லாரி ஓட்டி இன்னா, பர்மிட்டா வாங்கப் போற?"

"என் தையல் காசு. நான் வாங்குறேன்."

"வாங்கு, வாங்கு. ஆனா ஒண்ணு. இது வேஸ்ட்டாப் போச்சுன்னு வையி, கம்ப்யூட்டரு, கார்டு எல்லாம் காயலாங்கடைக்குத்தான். அந்த மூலையில எங்க அக்கா ஊட்டு பீரோவைக் கொணாந்து வச்சிடுவேன். அது பாவம், வெளிய மழையில நனைஞ்சிகினு கீது."

அந்த பீரோவை எனக்குத் தெரியும். கதவைத் திறந்தா அடுத்த தெரு நாய் குலைக்கும். எங்க நாத்தனாரே வேணாம்னு வெளிய தள்ளினது.

அந்த மூலைதாங்க நாள் பூரா எனக்குன்னு இருக்கிற ஒரே இடம். அங்க நாத்தனார் பீரோ வந்து நிக்கிறதா? விடுவேனா!

இஞ்ச் டேப்பை எடுத்து கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள அளந்தேன். நீளம், அகலம், உயரம். பழக்க தோஷத்துல தையலுக்கு அரை இஞ்ச் விட்டு எழுதிக்கிட்டேன். பஸ் பிடிச்சு ஆவடி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி பூந்தமல்லி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ரஹீம் பாய் கம்ப்யூட்டர் கடை.

"பாய், ஒரு கிராபிக்ஸ் கார்டு. நடுத்தரம்."

"பையனுக்கா அக்கா?"

"எனக்கு."

பாய் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டார். நல்ல மனுஷன், வேற ஒண்ணும் கேக்கல.

பச்சைப் பெட்டி ஒண்ணு, சிவப்புப் பெட்டி ஒண்ணு எடுத்து வச்சார். சிவப்புல மூணு ஃபேன். பச்சையில ரெண்டு ஃபேன். நான் கையில எடுத்து கனம் பார்த்தேன். குக்கர் வாங்கினாலும் அப்படித்தான் பார்ப்பேன், இதுக்கு மட்டும் வேற பழக்கத்துக்கு எங்க போறது?

பக்கத்துல கழுத்துல கம்பெனி டேக் தொங்க ஒரு தம்பி நின்னுட்டிருந்தார். கேக்காமலே ஆரம்பிச்சுட்டார்.

"ஆன்ட்டி, ஃபோர் கேன்னா டாப் எண்டுதான் எடுக்கணும். மிட் ரேஞ்ச் எடுக்கிறது சுத்த வேஸ்ட்."

"அப்படியா தம்பி? நீங்க என்ன கார்டு வச்சிருக்கீங்க?"

"நான் இன்னும் வாங்கல. ரெண்டு வருஷமா ரிவ்யூ பாத்துட்டிருக்கேன்."

ஒரு கேபிள் மட்டும் வாங்கிட்டுப் போனார்.

பாய் எனக்குப் பொறுமையா சொன்னார். "நடுத்தர கார்டே போதும்க்கா. அது படத்தை சின்ன அளவுல போட்டு, அப்புறம் டிவி அளவுக்குப் பெருசாக்கிக் காட்டும்."

"அதாவது முப்பத்திரெண்டு சைஸ் பிளவுஸைப் பிரிச்சு முப்பத்தாறு ஆக்குற மாதிரி."

"அதேதான்க்கா! பிரிச்ச தடம் வெளிய தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

எனக்கு எல்லாமே புரிஞ்சு போச்சு. மூணு ஃபேன் கார்டு என் அளவுக்கு நீளம் அதிகம், பெட்டிக்குள்ள போகாது. பச்சை சரியா இருந்துச்சு. அரை இஞ்ச் லூசோட! "அளவெடுத்துட்டு வர்ற ஒரே கஸ்டமர் நீங்கதான்க்கா"ன்னு பாய் சொன்னதும், எட்டாவது படிச்ச தலை கொஞ்சம் நிமிர்ந்துச்சு.

அங்கதான் எனக்கு சனி பிடிச்சது.

வீட்டுக்கு வந்து, பிரபு வீடியோ கால்ல சொல்லச் சொல்ல நானே கார்டை மாட்டினேன். லாரியை எடுத்தேன்.

அடேயப்பா! முன்னாடி போற வண்டியோட நம்பர் பிளேட் தெரியுது. மலை மேல பனி தனித்தனியா விழுது. கண்ணாடியில மழைத்துளி வழியிது. சந்தோஷத்துல அன்னைக்கு நாப்பத்தஞ்சுல போனேன்.

அழகா இருந்தா எனக்குத் தாங்காது. உடனே கவலை வந்துடும். எங்க தெருவுல மழைநீர் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டுட்டுப் போனவங்க போனவங்கதான். காலையில தொடைச்ச இடத்துல மத்தியானம் கோலம் போடலாம், அவ்வளவு தூசி. இந்தத் தூசியெல்லாம் என் கார்டு மேல படியாதா?

எங்க வீட்டுல மிக்ஸிக்கு கவர் இருக்கு. கிரைண்டருக்கு இருக்கு. ஃப்ரிட்ஜுக்கு ரெண்டு பக்கமும் பாக்கெட் வச்ச கவர். வாஷிங் மெஷினுக்கு, ரிமோட்டுக்கு, காஸ் சிலிண்டருக்குக் கூட ஃப்ரில் வச்சு தைச்சிருக்கேன். இவ்வளவு ஆசையா வாங்கினது மட்டும் அம்மணமா நிக்குது!

மிச்சம் இருந்த வெல்வெட்டை எடுத்தேன். கம்ப்யூட்டர் பெட்டிக்கு முழு அளவு எடுத்து, உள்ள காட்டன் லைனிங் கொடுத்தேன். சுத்தி பைப்பிங். ஸ்விட்சுக்கு ஒரு காஜா. பின்னாடி ஒயர் வெளிய வர ஜன்னல் கழுத்து, அதுல குஞ்சம் வச்ச கயிறு. கல்யாணப் பொண்ணு பிளவுஸ்ல கூட நான் அவ்வளவு ஃபினிஷிங் கொடுத்ததில்ல.

மாட்டிவிட்டு லாரியை எடுத்தேன். கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் உள்ளேருந்து ஒரு சத்தம். ஆவடி ஸ்டேஷனை நிக்காம தாண்டுற எக்ஸ்பிரஸ் மாதிரி. லாரி திக்குச்சு. பொட்டுனு எல்லாம் அணைஞ்சு போச்சு. பாதி மலையில, கண்ணாடி லோடோட!

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டேன். அதே இடத்துல மறுபடி அணைஞ்சுது.

எங்க வீட்டுக்காரர் முகத்துல ஒரு திருப்தி. சம்பள உயர்வு வந்தப்ப கூட நான் அதைப் பார்த்ததில்ல.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியா? பொம்பள போய் கடையில நின்னா இப்படித்தான் தலையில கட்டுவான். ஞாயித்துக்கிழமை காயலாங்கடைக்காரனை வரச் சொல்லிட்டேன். பீரோவுக்கு வண்டியும் சொல்லிட்டேன்."

பிரபு, "கார்டுல ஏதாவது ஃபால்ட்டா இருக்கும்மா, கடையில காட்டு"ன்னான்.

மறுநாள் கவரைக் கழட்டி மடிச்சு அலமாரியில வச்சேன். வெல்வெட்டை பஸ்ல கொண்டு போய் அழுக்காக்குவாங்களா? கம்ப்யூட்டரைக் கட்டைப்பையில போட்டுத் தூக்கிட்டு பூந்தமல்லி போனேன்.

பாய் மாட்டி ஓட விட்டார். சாப்பிட்டு, தொழுகைக்குப் போயிட்டு வந்து பார்த்தார். கம்முனு ஓடிட்டு இருக்கு.

"கார்டு ஜம்முனு இருக்குக்கா. வீட்ல வச்ச இடத்துல காத்து வருதா?"

"என்ன பாய் இப்படிக் கேக்குறீங்க? ரெண்டு பக்கமும் ஜன்னல். காலண்டர் நிக்காம ஆடும்."

"அப்ப ஒண்ணும் வராது, தைரியமா போங்க."

வீட்டுக்கு வந்தேன். கவரைப் போட்டேன். லாரியை எடுத்தேன். பொட்டு!

சனிக்கிழமை. மறுநாள் பீரோ வருது. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! தூறல் வேற. கம்ப்யூட்டர் நனையக் கூடாதேன்னு கவரோடவே தூக்கினேன். ஆட்டோல ஏறினா டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா அது, தவிலா?"

"வழியைப் பாத்து ஓட்டுப்பா!"

கடையில நல்ல கூட்டம். எனக்கும் அதுதான் வேணும். கம்ப்யூட்டரை மேசை மேல டொக்குனு வச்சேன்.

"பாய்! படிக்காதவதானே, ஏமாத்திடலாம்னு நினைச்சீங்களா? உங்க கடையில மட்டும் ஓடுது, என் வீட்டுல ஓடாதா? உங்க கார்டுக்கு பூந்தமல்லிதான் பிடிக்குமா, திருமுல்லைவாயில் பிடிக்காதா?"

கூட்டம் திரும்பிப் பார்த்துச்சு. ஒரு அம்மா, "விடாதீங்கக்கா, இவங்களை இப்படிக் கேட்டாத்தான்"னாங்க. இன்னொருத்தர், "எனக்கும் இதே கடையில கீபோர்டு போச்சும்மா"ன்னார். எனக்கு மேடை கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. உழைப்புன்னேன், வியர்வைன்னேன், ஒரு பொம்பள தனக்குன்னு ஒண்ணு வாங்கினா உலகத்துக்கே பொறுக்கலன்னேன். அந்த அம்மா முந்தானையால கண்ணைத் தொடைச்சாங்க.

பாய் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார்.

"அக்கா, முதல்ல அந்தப் பையைக் கழட்டுங்க. பார்க்கிறேன்."

"பை இல்ல பாய். அதோட கவர். நானே தைச்சது."

"நல்லா இருக்கு. பஸ்ல எடுத்துட்டு வரத் தைச்சீங்களா?"

"எடுத்துட்டு வரவா? எப்பவும் போட்டுத்தான் வச்சிருப்பேன்."

பாய் கை நின்னுச்சு.

"கேம் ஆடும்போது?"

"ஆடும்போதுதானே பாய் ஃபேன் சுத்தித் தூசியை இழுக்கும்?"

பாய் கவரோட ஓரத்தை மெதுவா தூக்கி, விரலால தடவிப் பார்த்தார்.

"உள்ள லைனிங் வேறயா?"

"காட்டன் லைனிங் பாய்..."ன்னு சொல்லிட்டு வரும்போதே எனக்குக் குரல் இறங்கிடுச்சு. சித்திரை வெயில்ல லைனிங் வச்ச வெல்வெட் பிளவுஸ் போட்டா எப்படி இருக்கும்னு என்னை விட யாருக்குத் தெரியும்? வர்ற கஸ்டமர் எல்லார்கிட்டயும் வேணாம்மா, வேகும்மான்னு நான்தானே சொல்லுவேன்!

கண்ணைத் தொடைச்ச அம்மா மெதுவா பிரிண்டர் பக்கம் போயிட்டாங்க. கீபோர்டுக்காரரைக் காணோம்.

பாய் சிரிக்கல. சுவத்துப் பக்கம் திரும்பி எதையோ தேடினார். ரொம்ப நேரம் தேடினார். தோள் மட்டும் குலுங்கிட்டே இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை காயலாங்கடைக்காரர் வந்தப்ப நான் பனி மலையில இறங்கிட்டு இருந்தேன். கவர் இல்லாம, ஜம்முனு. எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்னு பார்த்தார்.

"இன்னாச்சு, சரியாயிடுச்சா?"

"ம். பாய் சரி பண்ணிக் கொடுத்தாரு."

"பாத்தியா? நான் காயலாங்கடைனு சொன்னேன்ல, அந்த பயத்துலதான் வேலை நடந்துகீது."

வேற நாளா இருந்தா விட்டிருக்க மாட்டேன். அன்னைக்கு, "ஆமாங்க"ன்னு சொல்லிட்டேன். வந்த பீரோ வண்டி வந்த வழியே திரும்பிப் போச்சு. அந்தப் பக்கம் நாய்ங்க எல்லாம் குலைச்சு வழியனுப்பிச்சுது.

அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். நேத்து எதிர்வீட்டு ஷீலா அவ பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்து நேரா என் வாசல்ல நின்னா. பாய் இப்பல்லாம் பில் போடுறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்குறாராம்:

"வீட்ல தையல் மெஷின் இருக்கா?"