இரண்டு நிலவுக் காணி

குறை கண்டுபிடிக்கத் தெரியாத மனிதன் என்று ஒரு கொம்பனி எனக்கு எழுத்தில் தந்திருக்கிறது. பெண் பார்க்கப் போன காலத்தில் இந்தக் கடிதம் கையில் இருந்திருந்தால் என் மதிப்பே வேறு. ஐம்பத்திரண்டு வயதில் வந்ததுதான் சிக்கல்.

எனக்கு இரவில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை. பகலில் நித்திரை. பகலில் நித்திரை என்பது என் மனைவி கிரிஜாவுக்கு நான் சொல்லி வைத்திருந்தது. உண்மையில் எங்கள் லண்டன் நோர்பரி வீட்டுச் சின்ன அறையில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு விண்வெளியில் இருப்பேன்.

அது கொம்பியூட்டரில் ஓடுகிற ஒரு விண்வெளி விளையாட்டு. செய்த கொம்பனி அதை இன்னும் வெளியே விடவில்லை. விட முதல் சோதித்துப் பார்க்க ஆட்களைச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது என்பதால் நூலகப் புத்தகத்தில் கொம்பியூட்டர் படித்த என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் கிரகங்களை யாரும் உட்கார்ந்து வரைவதில்லை. ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். அதை வைத்துக் கணக்குப் போட்டு மலை, கடல், மேகம் எல்லாவற்றையும் கொம்பியூட்டரே கட்டிவிடும். எண்ணை மாற்றினால் வேறு கிரகம். கோடிக்கணக்கில் கிரகம். ஒன்பது கிரகத்தோடு பட்ட பாடு போதாதென்று நானாகத் தேடிப் போனேன்.

இறங்க வேண்டும், பார்க்க வேண்டும், பிழை இருந்தால் எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. எனக்கோ எல்லாம் அழகாக இருந்தது. ஓர் ஆறு மலையேறிப் போனதைக் கண்டேன். அதன் முயற்சியை மெச்சிவிட்டு வந்தேன்.

அப்படி அலைந்தபோதுதான் 70415 கிடைத்தது. நீலப் புல். மழை பெய்யும், சத்தம் இருக்காது. பார்சல் இல்லை. எந்தக் கிழமை எந்த நிறக் குப்பை வாளி என்ற கேள்வி இல்லை. லண்டனில் இருபது வருடமாக நான் சூரியனைப் பார்ப்பது திரைச்சீலை இடுக்கால்தான். அங்கே ஒரு பாறையில் இருந்து முழுச் சூரியனையும் பார்த்தேன். தினமும் இரண்டு மூன்று தடவை போனேன்.

அப்போதுதான் கடிதம் வந்தது. ஐந்து வாரமாக நீங்கள் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், பிறகு உங்களை நீக்கிவிடுவோம். கடைசிப் பந்தியில் இன்னொன்றும் இருந்தது. அடுத்த மாத முடிவில் யார் கூடுதலான பிழை பிடித்திருக்கிறாரோ, அவருக்கு விரும்பிய ஒரு கிரகம் சொந்தம். பெயரும் வைக்கலாம். அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதில் இறங்க ஏலாது.

70415 எனக்கு வேண்டும் என்று அன்றே சபதம் எடுத்தேன். அதற்குப் பிழை பிடிக்கிற ஆள் வேண்டும். லண்டனிலேயே அந்தத் துறையில் முதல் ஆள் கீழே குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள்.

கிரிஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, விற்பனைக்கு வந்த வீடு பார்ப்பது. வாங்குவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. இதுவரை நூற்று நாற்பது வீடு பார்த்திருப்போம். கைப்பையில் திசைகாட்டி கொண்டுதான் வருவாள். உள்ளே போனதும் ஈசான மூலை எது என்று பார்ப்பாள். வடகிழக்கில் கழிவறை இருந்தால் அப்படியே திரும்பி நடப்பாள். வீடு காட்ட வந்த பெடியன் சாவியோடு நிற்பான்.

அந்த ஞாயிறு நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"இஞ்சேரும், இனி மழைக்குள்ள அலையத் தேவையில்லை. கொம்பியூட்டரிலயே காணி பாக்கலாம்."

"எங்கத்தைய காணி?"

"வெளியூர்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் பச்சை வானம், அதில் இரண்டு நிலவு. நிலவுகளை விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"இது எந்தக் கவுன்சில்?"

"இன்னும் பிரிக்கேல்ல."

"காலமை வெயில் எந்தப் பக்கத்தால வருது?"

கிரகத்தை வேகமாகச் சுழற்றிக் காட்டினேன்.

"வடக்கால சூரியன் வாற காணியில ஈசான மூலையை எங்க போய்த் தேடுறது? சரிவராது. அடுத்ததைக் காட்டுங்கோ."

மேசைக்குக் கீழே எழுதிக்கொண்டேன்: சூரியன் வடக்கில் உதிக்கிறது.

அடுத்த கிரகத்தில் நிழல் வெயில் பக்கமாகவே விழுகிறது என்றாள். அதற்கடுத்ததில் அலை வந்து போகிறது, மணல் நனையவில்லை என்றாள். நாலாவதில் ஒரு பாறையைக் கண்டதும் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இந்தக் கல்லை முந்தின காணியிலயும் பாத்தனாங்கள். அதே வெடிப்பு. ஒரு கல்லை வைச்சு எத்தினை காணி விக்கப் பாக்கிறாங்கள்?"

ஒரே ஞாயிறில் பதினொரு பிழை. அடுத்த மாத முடிவுக்குள் நாற்பத்திமூன்று. எல்லாவற்றையும் என் பெயரில் அனுப்பினேன். கொம்பனி கொண்டாடியது. முதலாம் இடம் செல்வரத்தினம் என்று பட்டியலில் போட்டார்கள். 70415-ஐ மட்டும் அவளுக்குக் காட்டவில்லை. அதிலும் ஏதாவது சொல்லிவிடுவாள். பிறகு எனக்கும் அது கண்ணில் படும்.

கிரகத்தைக் கையில் தர முதல் ஒருதடவை பேச வேண்டும் என்றார்கள். புதன்கிழமை பின்னேரம், வீடியோவில். பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்கிற கிரிஜா அன்றைக்கு லீவு எடுத்திருந்தாள். புதுக் கார்டிகனும் கல்லுத் தோடும் போட்டு, எனக்குப் பின்னால் கட்டிலில் இருந்து உடுப்பு மடித்தாள். உடுப்பு மடிக்க எதற்குத் தோடு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கொம்பனிப் பெண் சிரித்த முகமாக வந்தாள். சூரியன் திசை மாறியதை எங்கள் எஞ்சினியர்களே கவனிக்கவில்லை, நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டாள். பார்த்தேன், தெரிந்தது என்றேன். சரி, ஒரு கிரகத்தில் இறங்கினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்றாள். இங்கிலீஷில் இருபது வருடம் 'குட் மோர்னிங்' சொல்லித்தான் எனக்குப் பழக்கம், அதுவும் வேலை முடிந்து போகிறபோது.

"நோர்த் ஈஸ்ட்," என்றது கட்டில்.

மடித்த உடுப்பை என் மடியில் வைத்துவிட்டு, என்னைக் கதிரையோடு ஓரமாகத் தள்ளிவிட்டு, கிரிஜா திரைக்கு முன்னால் வந்தாள். ஈசான மூலையை இங்கிலீஷில் விளக்கினாள். அந்தப் பெண் குறிப்பெடுத்தாள். பிறகு கிரிஜா கார்டிகன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். கிரக எண், பிழை, திகதி எல்லாம் வரிசையாக இருந்தது. இதில் நாற்பத்திமூன்று நான் சொல்லி இவர் அனுப்பியது. மற்ற அறுபத்தொன்று இவர் இரவு வேலைக்குப் போன பிறகு நானே இறங்கிப் பிடித்து, இவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தது என்றாள்.

வீடியோ முடிந்தபோது பட்டியலில் முதலாம் இடம் கிரிஜா என்று மாறியிருந்தது.

"உமக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு நிலவைக் கண்ட உடனை. நோர்பரியில குப்பை வாளி வைக்கவே இடமில்லை. ஆர் எனக்கு ரெண்டு நிலவோட காணி தரப்போறான்?"

"பிறகேன் பேசாமல் இருந்தனீர்?"

உடுப்பை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"கட்டி இருபத்தாறு வருசத்தில நான் சொன்னதை நீங்கள் எழுதி வைச்சது இதுதான் முதல்தரம். நிப்பாட்ட மனம் வரேல்ல."

அறை வாசலில் நின்று திரும்பினாள்.

"எந்தக் கிரகம் வேணுமெண்டு என்ர போனுக்கு எழுதிக் கேட்டவை. 70415 எண்டு சொல்லிவிட்டன். நீங்கள் அங்க இருநூற்றுப் பன்னிரண்டு தரம் போயிருக்கிறியள். கொம்பியூட்டர் எண்ணி வைச்சிருக்கு. ஒருதரமாவது எனக்குக் காட்டினீங்களோ?"

அதிகம் சண்டை இல்லை. இரவு சோறு வந்தது, மீன் துண்டும் வந்தது, வால் துண்டு.

அடுத்த நாள் காலை வேலையால் வந்ததும் நேரே சின்ன அறைக்குப் போனேன். திரைச்சீலையை மூடினேன். 70415 என்று அடித்தேன். நீலப் புல் மேகத்துக்கு ஊடாகத் தெரிந்தது. என்னுடைய பாறையும் தெரிந்தது. கப்பல் மட்டும் இறங்கவில்லை. உரிமையாளரிடம் அனுமதி கேட்கவும் என்று திரையில் வந்தது.

கேட்டேன். கிரகத்தை மூன்று தடவை சுற்றி வந்தேன். கீழே குசினியில் அவளுடைய போன் சிணுங்குவது கேட்டது. கொஞ்சம் பொறுத்துத் திரையில் பதில் வந்தது:

"இண்டைக்கு வியாழன். நீல வாளி வெளியில வைச்சாச்சோ?"