கொஞ்சம் இருட்டட்டும்

நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியதற்கு இரண்டே எழுத்து. எங்கள் பேச்சில் "ஆமாம்" என்று பொருள்படும் "ஓம்"தான் அது. சின்னப் பொய்யால் பெரிய சேதம் வராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு நான் பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணின் அப்பா, அதாவது ஜெனியின் அப்பா, என் படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ கேட்கவில்லை. "தம்பிக்கு வள்ளம் வலிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். இலங்கையில், மன்னாரில் சொந்தமாக மூன்று வள்ளங்கள் வைத்திருந்தவர் அவர். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் என்பது அவருக்குத் தெரியும். நான் அங்கிருந்து மூன்று வயதில் புறப்பட்டு, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் வளர்ந்தவன் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே நீர்நிலை சமூக நிலையத்து நீச்சல் குளம் (அதிலும் குழந்தைகள் நிற்கிற பக்கம்). ஆனால் தேத்தண்ணித் தட்டோடு ஜெனி வந்து நின்றாள். "ஓம் அங்கிள், சின்னனிலையே" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, நான் கடலோடிதான் என்று எனக்கே பட்டது.

கலியாணம் முடிந்து ஒரு வருடத்தில் மாமா, மாமியோடு எல்லோருமாகக் கனடாவின் வடகோடியில் இருக்கும் யூக்கோனுக்குப் போனோம். ஜெனியின் தம்பி றொஷான் அங்கே நேர்ஸாக வேலை செய்தான். ஆனி மாதம். ஓர் ஏரிக்கரையில் மரவீடு எடுத்துத் தங்கினோம். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் றொஷான், காலை பத்து மணிக்குக் கனூவில் போகிறோம் என்று அறிவித்தான். கனூ என்பது இரண்டு மூன்று பேர் இருக்கக்கூடிய ஒடுங்கிய வள்ளம். இரண்டு கனூக்கள் துறையில் கட்டிக் கிடந்தன.

"நானும் தம்பியும் ஒண்டிலை வாறம்" என்றார் மாமா. "தம்பி பின்னுக்கு இருந்து திருப்பட்டும். நான் சும்மா முன்னுக்கு இருக்கிறன்."

அந்த ஒரு வருடமும் மாமா என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் "எங்கடை மருமோன், கடல்காரன்" என்றுதான் சொல்லிவந்தார். நான் பொறியியல் படித்ததை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த மரியாதை போய்விடும் என்பதுதான் என் பயம். தண்ணீருக்குள் போவது இரண்டாவது பயம்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. எல்லோரும் நித்திரையான பிறகு, இருட்டில் போய் ஒரு மணி நேரம் பழகிவிடுவது. அதற்காகக் குளியலறைக்குள் இருந்து ஐந்து வீடியோக்கள் பார்த்து முடித்திருந்தேன். திட்டத்தில் ஒரேயொரு குறை. இருட்டு வரவில்லை.

பத்து மணிக்கு வெயில் அடித்தது. பதினொரு மணிக்கும் அடித்தது. பன்னிரண்டுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் ஒதுங்கியதே தவிர, வெளிச்சம் அப்படியே நின்றது. ரொறன்ரோவில் மார்கழி மாதம் நாலரை மணிக்கே இருட்டுகிறதென்று வருடா வருடம் புலம்புகிறவன் நான். அதில் ஒரு பத்து நிமிட இருட்டாவது கடனாகக் கிடைக்காதா என்று ஏங்கினேன்.

"என்னப்பா, திரும்பத் திரும்பத் திரையை விலக்கிப் பாக்கிறீங்கள்?" என்றாள் ஜெனி, கண்ணுக்குக் கட்டிய துணியை எடுக்காமலே.

"இருட்டுதோ எண்டு பாக்கிறன்."

"இருட்டாது. றொஷான் சொன்னவனெல்லே. படுங்கோ."

ஒன்றரை மணிக்கு எழும்பினேன். லுங்கி போலக் கட்டியிருந்த சாரத்துக்கு மேல் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு (அந்தக் கோலத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்) துறைக்குப் போனேன். கனூவின் பின் இருக்கையில் அமர்ந்து, வீடியோவில் பார்த்தபடியே துடுப்பைப் போட்டேன். கனூ நகர்ந்தது. பெருமையாக இருந்தது. பிறகு நகரவில்லை. இன்னும் பலமாக வலித்தேன். அது ஒரு பக்கம் போய், தயங்கி, மறுபக்கம் வந்தது. நீரோட்டம் பொல்லாதது என்று முடிவு செய்து, பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் போராடினேன்.

"தம்பி" என்று ஒரு குரல் அமைதியாகக் கேட்டது. "கயிறு அவிழ்க்கேல்லை."

திரும்பினால் மாமா. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவரைச் சரியாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அவரும் சாரம் கட்டியிருந்தார். அவரும் அங்கி மாட்டியிருந்தார். கையில் ஒரு துடுப்பு.

"மாமா, நீங்கள் என்ன இஞ்சை?"

"நானும் இருட்டட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டு கிடந்தனான்" என்றார். "வள்ளம் வைச்சிருந்தது உண்மை, தம்பி. தொழிலுக்குப் போனது சம்பளத்துக்கு நிண்ட ஆக்கள். நான் ஏறினது ரெண்டே ரெண்டு தரம். ரெண்டு தரமும் தலை சுத்திச் சத்தி எடுத்திட்டன். வீட்டிலை ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும் எண்டுதான் அண்டைக்கு உங்களைக் கேட்டனான்."

"நான் மூண்டு வயசிலையே இஞ்சை வந்திட்டன், மாமா."

"இப்பதான் விளங்குது."

வெட்கம் போய், அவர் மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. ஒன்றும் தெரியாத ஒருவன் ஆபத்து, இரண்டு பேர் சேர்ந்தால் சமாளிக்கலாம் என்று அந்த நேரம் எங்கள் இருவருக்குமே தோன்றியது. மாமா முன்னால் ஏறினார். நான் கயிற்றை அவிழ்த்தேன். பத்தடி போயிருப்போம். அலையே இல்லாத ஏரியில் மாமாவுக்குத் தலை சுற்றியது. அவர் விளிம்பைப் பிடித்தார், நான் அவரைப் பிடித்தேன், கனூ எங்கள் இருவரையும் விட்டது.

இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் உருகின பனித் தண்ணீர். மூச்சு விட மறந்து நிற்கும்போது என் சாரம் தன்பாட்டில் ஏரியின் நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கைதட்டல் கேட்டது. அந்த வெளிச்சத்தில் யாருமே தூங்கவில்லை. விறாந்தையில் மாமி, றொஷான், ஜெனி. பக்கத்து மரவீட்டு வெள்ளைக்காரத் தம்பதி தேநீர்க் கோப்பைகளோடு. கயிற்றோடு நான் போராடியதிலிருந்தே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

ஜெனி இறங்கி வந்தாள். மற்றக் கனூவை அவிழ்த்து, தனியே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, துடுப்பு நுனியால் என் சாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு கோடையும் பள்ளிக்கூடக் காம்பில் கனூ ஓட்டினவளாம்.

"ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றார் மாமா, பல் கிடுகிடுக்க.

"நீங்கள் அவரைத்தானே கேட்டனீங்கள்" என்றாள் அவள். "என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

காலை பத்து மணிக்கு ஒரு கனூவை ஜெனியும் மற்றதை றொஷானும் ஓட்டினார்கள். மாமி றொஷானோடு முன்னால் இருந்து துடுப்புப் போட்டார். மாமாவும் நானும் ஆளுக்கொரு கனூவின் நடுவில், சாப்பாட்டுப் பெட்டிகளோடு பெட்டிகளாக இருந்தோம்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது தெரியாத வேலைக்கு "ஓம்" சொன்னால், மற்றவர்கள் யன்னலைப் பார்த்து "கொஞ்சம் இருட்டட்டும்" என்பார்கள். போன சனிக்கிழமை மாமி புது பாபிக்கியூ அடுப்பின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டத் தெரியுமா என்று மாமாவைக் கேட்டார். "ஓம்" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார். வெளியே நல்ல மத்தியான வெயில். இருவரும் போய் ஜெனியைக் கூட்டிக்கொண்டு வந்தோம்.