தொண்ணூறு கிலோ இளைத்த அலுவலகம்

தலைநகர் கம்பாலாவிலிருந்து சுற்றறிக்கை வந்த அன்றே எங்கள் மாவட்ட எடை அளவைகள் அலுவலகம் இளைக்கக் கடமைப்பட்டுவிட்டது. பதினொரு பேரும் சேர்ந்து நான்கு மாதத்தில் தொண்ணூறு கிலோ குறைய வேண்டும். வழியும் அதிலேயே இருந்தது. பகல் ஒரு மணிக்கு வாயைத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடிவிட வேண்டும், வெள்ளிக்கிழமை காலையில் ஓட வேண்டும். சந்தைத் தராசில் ஒரு பிடி பீன்ஸ் குறைந்தாலும் முத்திரை வைத்துப் பூட்டுகிறவர்கள் நாங்கள். எடை குறைப்பது எங்களுக்குப் புதிதா என்ன?

நான் குறிப்பெழுத்தர். எல்லாம் என் கையெழுத்தில்தான் நடந்தது, அதனால் எனக்குத் தெரியும்.

முதல் கூட்டத்திலேயே நான் கேட்டேன். "ஐயா, பத்தரை மணி டீயை என்ன பண்றது?"

எங்கள் அதிகாரி செருன்ஜோகி நூற்று முப்பத்தொரு கிலோ. யோசித்துத்தான் பேசுவார். "டீ நிலையாணையில இருக்கும்மா. அதை மாத்த நமக்கு ஏது அதிகாரம்?"

"டீயோட வர்ற சப்பாத்தி, சமோசா, அவிச்ச மரவள்ளி?"

"அதையெல்லாம் நம்ம ஊர்ல என்னன்னு சொல்லுவோம்?"

"டீக்குத் துணைன்னு சொல்லுவோம்."

"ஆங்! துணைக்கு வந்தது துணை. சாப்பாடுன்னு எங்க எழுதியிருக்கு? குறிப்புல ஏத்து."

ஏற்றினேன். விரதம் பங்கமில்லாமல் நடந்தது. துணை மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

ஓட்டத்துக்கு மஞ்சள் பனியன் அடித்தோம், ஊரே பார்த்துப் பொறாமைப்பட்டது. அதிகாரி தலைமை தாங்கி முன்னால் போவார், காரில். அவர் பின்னால் நாங்கள் மோட்டார் பைக்குகளில். கடைசியில் உண்மையாகவே ஓடி வந்தவர் கலேமா அண்ணன் ஒருவர்தான்.

கலேமா அண்ணன் ஆய்வாளர். ஒன்பது வருடமாக முதுநிலை ஆய்வாளர் பதவிக்குக் காத்திருந்தார். சுற்றறிக்கையின் கடைசி வரியில், எடை குறைத்தோருக்குப் பதவி உயர்வில் முன்னுரிமை என்று இருந்தது. கடைசி வரி வரைக்கும் படித்தவர் அவர் மட்டும்தான். பத்தரை மணிக்கு வெந்நீர் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"அண்ணே, ஒரு சமோசாவாச்சும் எடுங்க. பார்க்கவே பாவமா இருக்கு."

"வேணாம் தங்கச்சி. விரதம்னா விரதம்."

நூற்றுப் பன்னிரண்டு கிலோ மனிதர் எண்பத்து நான்குக்கு வந்தார். எங்கள் ஊரில் இளைத்தவனை யாரும் பாராட்ட மாட்டார்கள். சந்தையில் காய்கறிக்காரிகள், "வீட்ல சாவா? பொண்டாட்டி ஓடிப் போயிட்டாளா?" என்று கேட்டார்கள். மாமியார் வாழைக்காய்க் குலையோடு வந்து இறங்கி அழுதார். அண்ணன் அசையவில்லை.

நான்காம் மாதம் கம்பாலாவிலிருந்து ஆள் சரிபார்க்க நமுட்டேபி அம்மாள் வந்தார். இல்லாத ஆட்கள் பேரில் சம்பளம் போகிறதாம், அதற்காகப் படமும் முகமும் ஒத்துப்போக வேண்டுமாம். கலேமா அண்ணனைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"இது நீ இல்ல."

"நான்தாம்மா. உங்க சுற்றறிக்கையாலதான் இப்படி ஆனேன்."

அண்ணனின் மனைவி ஓடி வந்தாள். "இது என் புருஷன்தாம்மா! குறட்டைகூட அதே குறட்டை!"

"குறட்டைக்குப் பதிவேட்டுல கட்டம் இல்ல."

"இவங்க எல்லாரும்கூடத்தான் படத்துல ஒல்லியா இருக்காங்க!" என்று எங்களைக் கை காட்டினாள்.

"அரசாங்க வேலையில இருக்கிறவங்க பெருத்துப் போறது வளர்ச்சி. இளைக்கிறதுதான் சந்தேகம்."

பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்பட்டது. அதிகாரி சாட்சி சொன்னால் போதும், சேர்த்துவிடுவார்கள். அண்ணன் அவர் அறைக்கு ஓடினார். நான் குறிப்பேட்டோடு உள்ளே இருந்தேன். அப்போதுதான் கூட்டிக் கழித்து முடித்திருந்தோம். அண்ணன் குறைந்தது இருபத்தெட்டு. மற்ற பத்துப் பேரும் துணையின் தயவில் ஏறியது இருபத்தொன்று. ஆக அலுவலகம் இளைத்தது ஏழே கிலோ.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒன்பது வருஷம் உங்க எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன்."

அதிகாரி என் தாளைப் பார்த்தார். "கலேமா, நீ பட்டியல்ல இல்லாததால உன் எண்பத்து நாலும் கழிஞ்சிடுச்சு. இப்ப நாம தொண்ணூத்தொண்ணு குறைஞ்சிருக்கோம். உன்னைச் சேர்த்தா மறுபடி ஏழு. பத்துப் பேரோட உழைப்புப்பா."

"அப்ப ரெண்டு மாசம் தின்னு பழையபடி வரட்டுமா?"

"ஐயோ! அப்படி வந்தா இருபத்தொண்ணு ஏறினதா ஆயிடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ. படத்திலிருந்து உடல் மாறியவர் அந்த நபராகக் கருதப்பட மாட்டார்."

எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். எனக்கும் வேலை வேண்டுமே.

நாட்டிலேயே முதல் பரிசு எங்களுக்குத்தான். ஆடு வெட்டி விருந்து வைத்தோம். கலேமா அண்ணன் வாசலில் மனுவோடு நின்றார். காவலாளி அடையாள அட்டை கேட்டான், காட்டினார், படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

நேற்று இந்த வருடத்துச் சுற்றறிக்கை வந்தது. எங்கள் வழிமுறை தலைமையகத்துக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டதாம். உடல் மாறியவரைப் பற்றிய அந்தத் தீர்மானம் இனி எல்லா மாவட்டங்களுக்கும் விதி. இம்முறை எங்கள் இலக்கு நூறு கிலோ.

பத்தரை மணிக்கு டீ வந்தது. துணையும் வந்தது. யாரும் தொடவில்லை. அதிகாரி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"உன் எடை என்னம்மா?"

"நூத்தி ரெண்டு, ஐயா."

"நல்லது, நல்லது." பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம். "இது யாருன்னு தெரியுதா?"

குனிந்து பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்வானேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை.