யு.என். மாஸ்டரும் பச்சைத் திரையும்

உலகத்தில் எந்த நாடு இரண்டாகப் பிரிந்தாலும், அந்த நாட்டுக்காரர்களுக்கு முன்னால் கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு டீ மாஸ்டருக்குத்தான் சாப்பாடு இறங்காது. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார். தெருவுக்கே அவர் யு.என். மாஸ்டர், ஐ.நா. சபையின் யு.என்.

நான் அப்போது அங்கே ஓர் ஏலக்காய் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்த்தேன். எதிரே, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவருடைய சாயாக்கடை. மாஸ்டரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். அவருடைய ஒரே மகள் லிபியாவில், திரிப்போலியில் நர்ஸ். அந்த நாட்டில் கிழக்கே ஓர் அரசாங்கம், மேற்கே ஓர் அரசாங்கம். ஒப்பந்தம் முடியாமல் அவள் கிளம்பி வரவும் முடியாது. ஆகவே மாஸ்டர் லிபியாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு மலையாளம் படிக்க வராது. சுமை தூக்கும் யூனியன்காரச் சேட்டன்தான் தினமும் பேப்பர் படித்துச் சொல்ல வேண்டும். 'பல நாட்டுத் தூதர்கள் லிபியாவின் நிலைத்தன்மைக்கு ஆதரவு' என்று கடைசிப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவு செய்தி இருந்தால் அன்று எங்கள் சாயா தேவாமிர்தம். இல்லாத நாளில் கஷாயம். சேட்டன் நல்லவர். மாலை சாயாவுக்காக அவர் சொந்தமாகவும் சில தூதர்களை லிபியாவுக்கு அனுப்பியிருக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் கடையே இரண்டாகப் பிரிந்தது. அண்ணனுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் போட ஆசை. சுமை தூக்குகிறவர்கள் கேட்கிறார்களாம். தம்பிக்குச் சுத்த சைவம். மீன் வாடை அடித்தால் பஜாரில் வியாபாரம் செய்யும் குஜராத்திக்காரர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்களாம். பேச்சு முற்றி, கடைக்கு நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. பாய்லரை மட்டும் நகர்த்த முடியவில்லை. அது திரைக்குச் சரியாக நடுவில் நின்றது, கூடவே மாஸ்டரும்.

அண்ணனும் தம்பியும் அவர் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். “அந்த மூதேவிகிட்ட சீனி இருக்கான்னு கேளும்” என்று அண்ணன் இந்தப் பக்கம் சொல்வதை, “அண்ணாச்சி உங்க சுகத்தைக் கேட்டாக, அப்படியே சீனி இருக்கான்னும் கேட்டாக” என்று மாஸ்டர் அந்தப் பக்கம் சேர்ப்பார். திரை என்பது துணிதான், தம்பிக்கு எல்லாம் காதில் விழும் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

பிறகு தூதர்களை வரவழைத்தார். குஜராத்தி மிளகுத் தரகர், பப்படம் விற்கும் கொங்கணிக்காரர், யூனியன் சேட்டன். மூவரும் இரண்டு பக்கமும் உட்கார வேண்டும். அங்கே பாதி கிளாஸ், இங்கே பாதி கிளாஸ். ஒரு பக்கம் ஒரு மிடறு கூடிப்போனாலும் மாஸ்டர் முகம் கறுத்துவிடும். எழும்போது, “இந்தக் கடையின் ஒற்றுமைக்கும் நிலைத்தன்மைக்கும் எங்கள் ஆதரவு” என்று அவரவர் பாஷையில் சொல்ல வேண்டும். பாவம் தரகர், மீன் வாடைக்கு மூக்கையும் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டு, தம் ஆதரவைக் கறிச்சட்டியிடம் தெரிவித்துவிட்டுப் போனார்.

அண்ணனும் அசையவில்லை, தம்பியும் அசையவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வருகிறார்கள், குடிக்கிறார்கள், ஆதரவு என்கிறார்கள், போகிறார்கள், இதனால் என்ன பிரயோஜனம் என்று மாஸ்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பால் ஆற்றுவதை நிறுத்தினார்.

“பிரயோஜனம் இருக்கோ இல்லையோ சார். அங்கன எம்பொண்ணு இருக்கா. நாலு பேரு பாத்துக்கிட்டு இருக்காகன்னு தெரிஞ்சா, அடிக்க ஓங்குனவன் கை கொஞ்சம் கூசும்லா?”

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

ஒருநாள் காலை சேட்டன் பேப்பரைப் பிரித்தார், படிக்காமல் மடித்துவிட்டார். திரிப்போலியில் சண்டை. மகளுடைய போன் அடிக்கவே இல்லை. மாஸ்டர் பாய்லர் முன்னால் நின்றபடியே இருந்தார். கிளாஸ் நிறைந்து வழிந்து மேஜையெல்லாம் சாயா. திடீரென்று அவர் சாய்வதைப் பார்த்துத் தம்பி ஓடிவந்து பிடித்தார். காற்று வரட்டும் என்று அண்ணன் திரையை ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டார். இரண்டு பக்கத்துப் பெஞ்சையும் சேர்த்துப் போட்டு மாஸ்டரைப் படுக்க வைத்தார்கள்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, தரகர் வந்தார். கொங்கணிக்காரர் பப்படக் கூடையோடு வந்தார். யாரும் ஆதரவு என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மீன்கறி கொதித்துக்கொண்டிருந்தது. தரகர் மூக்கை மூடவில்லை. மதியம் வரைக்கும் தம்பி மகளுடைய நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மகளின் குரல் வந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயேதான் இருக்கிறாளாம், ஒன்றும் ஆகவில்லையாம், போனில் சார்ஜ் இல்லையாம். “சாப்பிட்டியாம்மா?” என்பதைத் தவிர மாஸ்டருக்கு வேறொன்றும் கேட்க வரவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். பாய்லரில் அண்ணன் சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். தம்பி கிளாஸை வாங்கி எல்லோருக்கும் நீட்டினார். மாஸ்டர் கடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

“திரையை யாரு எடுத்தா?” என்றார்.

அண்ணன் அடுத்த கிளாஸை நிரப்பினார், தம்பி அதை அவர் கையில் கொடுத்தார். திரையை மறுபடி யாரும் மாட்டவில்லை.

ஒப்பந்தம் முடிந்து மகள் வந்ததும் மாஸ்டர் அவளோடு ஊருக்குப் போய்விட்டார். கடையில் இப்போது காலையில் சைவம், மதியத்துக்கு மேல் மீன். தரகர் காலையிலேயே வந்து போய்விடுகிறார். எனக்கு மாஸ்டரை ரொம்பப் பிடிக்கும், அவர் இங்கே இருந்தவரைக்கும் சொன்னதில்லை. இப்போதும் எங்கோ பிரிந்து கிடக்கும் ஒரு நாட்டுக்குத் தூதர்கள் ஆதரவு தெரிவித்ததாகக் கடைசிப் பக்கத்தில் சின்னச் செய்தி வந்தால், நான் அதைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். அந்த ஊரிலும் யாரோ ஒரு மாஸ்டருடைய மகள் இருப்பாள்.