கிரிக்கெட் கேட்கப் போன வாங்குகள்

ஒரு கூட்டத்தைப் பழைய இடத்திலிருந்து கிளப்ப ஒரு வாய்ச்சண்டை போதும். புது இடம் பார்க்கத்தான் மூளை வேண்டும். எனக்குச் சண்டை மட்டும் நன்றாக வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். கோப்பாயில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். கந்தையா அண்ணையின் தேநீர்க் கடையில் கூடி நாங்கள் கிரிக்கெட் வர்ணனை கேட்போம்.

"ஒரு தேத்தண்ணியோடை பின்னேரம் முழுக்க இருந்து தேய்க்கிறியள்" என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "எழும்புங்கோடாப்பா!" என்றேன். எழும்பிவிட்டார்கள். இனி எங்கே உட்காருவது என்று நான் யோசித்திருக்கவில்லை.

பாதிப்பேர் கோயில் மடத்துக்குப் போவோம் என்றார்கள். மீதிப்பேர் கடைக்கே திரும்புவோம் என்றார்கள். கூட்டம் உடையப் பார்த்தது. ஷெல் சத்தத்தை மறக்க எங்களிடம் இருந்ததே அந்த வர்ணனை ஒன்றுதான். அதுவும் என்னால் போய்விடுமோ என்று உண்மையாகவே பயந்தேன். பயத்தில் சவால் விட்டேன்.

"ஞாயிறு மட்சுக்கு நான் இடம் பாத்துத் தாறன். சரிவராட்டி இனி வாயே திறக்கமாட்டன்."

இளைப்பாறிய போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். இழுப்பு நோயில் படுக்கை, ஆனால் கிரிக்கெட் பைத்தியம். அறையில் படுத்தபடி தானும் கேட்கலாமென்று விறாந்தையைத் தந்தார். இருக்க இடம் போதாதென்று வாசிகசாலையின் நீள மர வாங்குகளை வண்டியில் ஏற்றி, ஊர் நடுவால் கொண்டுபோய் அங்கே இறக்கினேன். (அந்த வாங்குகள் வெளியே போவது செத்தவீட்டுக்கு மட்டும்தான். அது ஊரில் பால்குடிக்கும் தெரியும். என் மண்டைக்குள் ஏறவில்லை.)

கடைசி ஓவர்கள். நான் பெடலைச் சுற்றுகிறேன். கை சோர்ந்தால் வர்ணனையாளரின் குரலும் சோரும். எங்கள் அணி தோற்கிற நிலை. எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். வேலியோரம் முழுக்கச் சைக்கிள்கள்.

படலை திறந்தது. பெரிய கேத்திலோடு கந்தையா அண்ணை. அவருக்குப் பின்னால் பெண்கள். கேத்திலை வைத்துவிட்டு என்னிடம் இரண்டு கையையும் நீட்டினார். சமாதானத்துக்கு வந்துவிட்டார் என்று நெகிழ்ந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மற்றக் கை சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன தம்பி, இப்பிடி ஆகிப்போச்சு?"

"ஓம் அண்ணை. காலமையே தெரியும், இனித் தேறாதெண்டு."

பெண்கள் ஒப்பாரி வைத்துக் குழறத் தொடங்கினார்கள். திகைத்துப்போய்ப் பெடலை விட்டேன். ரேடியோ நின்றது. அறைக் கதவு திறந்தது. சாரத்தைப் பிடித்தபடி போஸ்ட்மாஸ்டர்.

"ஆரடா ரேடியோவை நிப்பாட்டினது?"

முன்னுக்கு நின்ற பக்கத்து வீட்டு அக்கா அப்படியே மயங்கி விழுந்தார். மற்றவர்கள் படலையைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். கிணற்றடியிலிருந்து ஓடிவந்த போஸ்ட்மாஸ்டரின் மனைவிக்கு விஷயம் விளங்க வெகுநேரம் எடுக்கவில்லை.

"மனிசன் உயிரோடை இருக்கேக்கை உந்தச் செத்தவீட்டுச் சாமானை ஏன் வீட்டுக்குள்ளை கொண்டந்தனியள்? தூக்குங்கோ வாங்கை!"

தெருவில் நின்றோம். ஒவ்வொருவராகச் சைக்கிளைத் திருப்பினார்கள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன், வெட்கத்தில் அழுகையும் வந்தது. கந்தையா அண்ணைதான் கேத்திலோடு வந்து மறித்தார்.

"செத்தவீட்டுக்கெண்டு போட்ட தேத்தண்ணி. கொட்டேலாது. கடைக்கு வாங்கோ."

போனோம். பிறகு எங்கும் மாறவில்லை.

இப்போது அந்தக் கூட்டம் பல நாடுகளில் சிதறி, கைப்பேசிக் குழு ஒன்றில் கூடுகிறது. போன மாதம் அந்தச் செயலி பிடிக்காமல் வேறொன்றுக்கு மாறுவோம் என்று பேச்சு வந்தது. நானும் ஒன்றைச் சிபாரிசு செய்தேன். உடனே கனடாவிலிருந்து பதில் வந்தது. என் மனைவி அதைப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள்.

"வாறம் அண்ணை. முதலிலை ஆர் செத்ததெண்டு சொல்லுங்கோ."