காரைத் தருவார், சாவியைத் தரமாட்டார்

பாப்பிரெட்டிப்பட்டியில் நல்ல மனசோடும், வாசலில் நல்ல புளியமரத்தோடும் வாழும் மாதேஸ்வரன் மாமாவுக்கு, கம்பைநல்லூரிலிருந்து உங்க அக்கா மகள் பூவிழி தலை குனிந்து வணங்கி எழுதுவது. (குனிந்தது மரியாதைக்கு மட்டும் இல்லை. காலையில் கார் தள்ளும்போது குனிந்த தலை, இன்னும் நிமிரவில்லை.) அங்கே அத்தை, ஆடு, மாடு எல்லாரும் நலமா? இங்கே கார் நலமில்லை, அதனால் யாரும் நலமில்லை.

கடிதமா என்று சிரிக்காதீங்க. என் போனை அப்பா பிடுங்கி வைத்துவிட்டார். அதற்குக் காரணமே நீங்கதான். பழைய காரை ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு விட்டா ஏமாத்திடுவாங்க, நேரடியா ஆள் பார்த்து வித்தாத்தான் நல்லது என்று பொங்கலன்று வடையைக் கடித்துக்கொண்டே சொன்னீங்களே, அன்றைக்கே எங்கள் வூட்டுக்குள் சனி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். விளம்பரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'ஏ.சி. உண்டு, கண்ணாடியை இறக்கினால். ஓட்டிப் பார்க்கலாம், முதலில் தள்ளிப் பார்க்கவும்' என்று போட்டேன். இதில் ஒரு சொல் பொய்யா மாமா? போன் போச்சு.

விளையாட்டை விடுங்க. மலர்விழி அக்காவுக்கு ஒன்பதாவது மாசம், தலைப்பிரசவம். புது வண்டி புக் பண்ணித் தயாராக நிற்கிறது. ஆனால் பழசு வாசலைவிட்டுப் போகிற அன்றைக்குத்தான் புதுசு உள்ளே வரவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். பழசோ நாலு பேர் தள்ளினால்தான் உறுமவே செய்யும். நேற்று அக்கா என்னைக் கூப்பிட்டு, "வலி வந்தா நான் உள்ள உக்காரணுமா, எறங்கித் தள்ளணுமாடி? எப்படியும் முக்கத்தானே போறேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கை வயிற்றைவிட்டு நகரவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கலாம் என்றால், வாசல்ல கார் நிக்கிறப்ப அது எதுக்கு என்கிறார் அப்பா. நிற்பதுதான் பிரச்சினை என்று அவருக்கு யார் சொல்வது?

வாங்க ஆள் வராமல் இல்லை. வருகிறவர்களை எல்லாம் மாடு பிடிக்க வந்தவர்களாகவே அப்பா நினைக்கிறார். அரூரிலிருந்து வந்தவர், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு என்று வாயைத் திறப்பதற்குள், உங்களுக்கு எத்தனை ஏக்கர், எங்க கட்டுவீங்க, நிழல் இருக்கா, சின்னப் பசங்க போட்டு அடிப்பாங்களா என்று அப்பா விசாரணையை முடித்துவிட்டார். நிழல் இல்லை என்று தெரிந்ததும் மோர் கொடுத்து அனுப்பியாயிற்று. அடுத்து வந்த சவுரியப்பன் வாத்தியார் தங்கமான மனிதர். ஷெட் இருக்கிறது, பிள்ளைகள் வெளியூர், சொன்ன விலைக்கும் தலையாட்டிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அக்காவுக்குச் சைகைகூடக் காட்டிவிட்டேன். அவர் சாவி கேட்டார். அப்பா சாவியை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"மாட்டை வித்தா கயித்தையும் சேத்தா சார் குடுப்பாங்க? கயித்தைக் குடுத்தா பட்டி விருத்தியாகாது. நீங்க புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"ஏங்க, இது காருங்க."

"நான் என்ன கழுதைன்னா சொன்னேன்?"

வாத்தியார் காரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டி கை மாறும் என்று பார்த்தால் எங்கள் கால்தான் மாற்றி மாற்றி வலிக்கிறது.

அப்புறம் அம்மா அழுது புலம்பி, எக்ஸ்சேஞ்சுக்கே விட்டுவிடலாம் என்று அப்பாவை ஷோரூமுக்குக் கிளப்பினாள். அங்கிருந்தவர் ரொம்ப மரியாதையாக, இந்த மாதிரி வண்டியைப் பிரித்துப் பார்ட்ஸ் பார்ட்ஸாகத்தாங்க தள்ளிவிடுவோம் என்றிருக்கிறார். "அடிமாட்டுக்கா கேக்கறீங்க?" என்று அப்பா அப்படியே திரும்பிவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்த வண்டியாம். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கே பாவமாகப் போய்விட்டது, ஒருவேளைக்கு.

ஆகவே மாமா, ஒருதரம் வந்து சொல்லுங்க. சாவி என்பது கயிறு இல்லை, ஷோரூம் என்பது கசாப்புக்கடை இல்லை என்று நீங்க சொன்னால் அப்பா கேட்பார். அக்கா வாயைத் திறந்து கேட்கமாட்டாள், பயந்துபோயிருக்கிறாள். அதனால் நான் கேட்கிறேன். அத்தைக்கு என் முத்தங்கள். முதல் திருகலிலேயே கிளம்புகிற வண்டிகளாகவே குலசாமி உங்களுக்கு என்றும் அருளட்டும்.

இப்படிக்கு,
இடுப்பு பிடித்துக்கொண்ட
பூவிழி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யவேண்டாம், நீங்க வரவும் வேண்டாம். மடிக்கிற நேரத்தில் அப்பா கடிதத்தைப் பிடுங்கிப் படித்தார். முதல் வரியைத் தாண்டவே இல்லை. "அட, மாதேசு வூட்டுப் புளியமரம் எனக்கு நெனப்பே வரலியே" என்றார். என் தம்பி அடிமாட்டுக்கு விடமாட்டான் என்று அம்மாவும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். காலையில் தள்ளவைத்த கார் இப்போது தள்ளாமலே உறுமிக்கொண்டு நிற்கிறது, அதற்கும் நிழல் ஆசை போல. புது வண்டி நாளைக்கு வருகிறது. அக்கா வயிற்றிலிருந்து கையை எடுத்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். இந்தக் கடிதம் தபாலில் வராது, அப்பாவே கொண்டுவருகிறார். நீங்க இதைப் படித்து முடிக்கும்போது கார் உங்கள் மரத்தடியில் நிற்கும், அப்பா சாவியை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். ஆள் பார்த்து விற்கச் சொன்னீங்களே மாமா, பார்த்துவிட்டோம்.