சித்தப்பா சாகும் காட்சி

அட்டைக் கத்தி மழையில் நனைந்து சுருண்டுவிட்டதாம். அதற்குப் பதிலாக ஒத்திகைக்கு வந்திருந்தது, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற நிஜக் கத்தி. அதை அஜந்தன் ஓங்கிய விதத்தைப் பார்த்ததும் கணபதிக்கு வசனம் மறந்துபோனது.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம். அண்ணனைக் கொன்று நாட்டைப் பறித்த தம்பி ராஜா. வளர்ந்து வந்து பழிவாங்கும் அண்ணன் மகன். மீசை பெரிதாக இருந்த ஒரே தகுதியில் ராஜா வேஷம் கணபதிக்குக் கிடைத்தது. பெருமையாகத்தான் ஒப்புக்கொண்டார். அண்ணன் மகன் வேஷம் தன் சொந்த அண்ணன் மகன் அஜந்தனுக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் செத்து மூன்று வருஷம். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அவர் கல் பொறுக்கி, கொத்தி உண்டாக்கிய மரக்கறித் தோட்டத்தை, தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கணபதி வேலி அடைத்தார். இன்றுவரை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். அண்ணி பெரியாயி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். கணபதியின் மனைவி விஜயலெட்சுமி, பெரியாயியின் உடன்பிறந்த தங்கச்சி. ஆனாலும் அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. புருஷன் பக்கம் நிற்கும் பொம்பளை என்று கணபதிக்கு அதில் ஒரு நிம்மதி.

அன்றும் அவளிடம்தான் போய்ப் புலம்பினார்.

"அவன் பார்வையே சரியில்ல புள்ள. நெசமாவே வெட்டிருவான் போல இருக்கு."

"அப்ப நஞ்சு குடுத்துக் கொல்ற மாதிரி மாத்தச் சொல்லுங்க," என்றாள் அவள், ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.

நல்ல யோசனையாகப் பட்டது. நாடகம் எழுதிய ஜெயகுமார் மாஸ்டரிடம் போய்ச் சொன்னார். மாஸ்டருக்கு நஞ்சு ரொம்பப் பிடித்துவிட்டது. கத்தியையும் விட மனசில்லை. முதலில் நஞ்சு, பிறகு கத்திக்குத்து என்று எழுதிவிட்டார். அடுத்த ஒத்திகையில் அஜந்தன் நீட்டியது புல்லைக் கொல்லும் மருந்து இருந்த போத்தல். உள்ளே வெறும் தேத்தண்ணிதான் என்றார்கள். நன்றாகக் கழுவியதாகவும் சொன்னார்கள். மூடியைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் கணபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடிக்கிற பாவனையில் தோள்மேல் ஊற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அதையும் புலம்பினார். விஜயலெட்சுமி ஆறுதல் சொன்னாள். ராஜாவைக் கட்டிச் சிறைக்கு இழுத்துப்போகிற மாதிரி முடித்தால் யாருக்கும் சேதமில்லையே என்றாள். மாஸ்டர் கயிற்றையும் சேர்த்துக்கொண்டார். கையைப் பின்னால் கட்டி, நஞ்சைப் புகட்டி, கடைசியில் குத்து. இப்போதுதான் பழிவாங்குகிற மாதிரி இருக்கிறது என்று அவருக்குப் பரம திருப்தி.

விலகிவிடலாம் என்றால், சாமி காரியத்தை ஏற்றுவிட்டுப் பின்வாங்கினால் குத்தம் என்று லயமே பயமுறுத்தியது. அஜந்தனோ ஒத்திகை முடிந்ததும் "வாறேன் சித்தப்பா" என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்தான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கணபதிக்கு இத்தனை பயம் இருந்திருக்காது.

திருவிழா நாளும் வந்தது. கோயிலுக்கு முன்னால் மேடை. முன்வரிசையில் தோட்டத் தலைவர், பெரியாயி, விஜயலெட்சுமி. கடைசிக் காட்சியில் கணபதியின் கைகளைப் பின்னால் கட்டினார்கள். முடிச்சு நிஜமாகவே இறுகியது. தப்பு மேளக்காரர்கள் சாவு அடி அடித்தார்கள். லயத்தில் ஆள் செத்தால் மட்டும் கேட்கிற அடி அது. ஒரு கையில் போத்தல், ஒரு கையில் கத்தியோடு அஜந்தன் நெருங்கினான். கத்தியை யாரோ புதிதாகத் தீட்டியிருந்தார்கள்.

கணபதி தொப்பென்று முழங்காலில் விழுந்தார்.

"வேணாம்ப்பா. அந்த மரக்கறித் தோட்டம் ஒங்கப்பனோடது. நாந்தான் புடுங்கிக்கிட்டேன். மாரியாத்தா முன்னால சொல்றேன், இன்னிக்கே எடுத்துக்க. என்னைய விட்டுரு."

நாடகத்தில் இல்லாத வசனம். அஜந்தன் திகைத்துப்போய்க் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மாஸ்டரைப் பார்த்து முழித்தான். நடிப்பென்று நினைத்துச் சனம் கைதட்டியது. தலைவர் மட்டும் எழுந்து நின்று, கோயில் முன்னால் சொன்ன சொல், நான் சாட்சி என்றார். பெரியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தோட்டம் போனாலும் உயிர் மிஞ்சியது. கணபதிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. மேடைக்குப் பின்னால் இப்றாஹீம் நானா வேஷ உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். பதுளையில் கடை வைத்திருப்பவர். ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து நாடகச் சாமானுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. கத்தி, போத்தல், கயிறு மூன்றையும் அவர் முன்னால் போட்டு, அந்தக் கொலைகாரப் பயலிடமே கொடுத்துவிடுமாறு கணபதி சொன்னார்.

நானா நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஒண்ணும் அஜந்தன்ட சாமான் இல்லியே. ஒவ்வொண்ணா ஒங்கட சம்சாரம்தான் கொண்டுவந்து தந்தாங்க. நாடகம் முடிஞ்சதும் நீங்க கட்டாயம் சாப்பிடணும்னு இந்தச் சோத்துப் பார்சலையும் தந்துட்டுப் போயிருக்காங்க."